இரண்டு தேக்கரண்டிக் கொழுப்பு

அண்ணன் மகள் சென்ற மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்றின் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். இரண்டு கன்னங்களிலும் வெள்ளைப் பென்சிலால் பிறைபோல ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். "அத்தை, இந்தக் கோட்டுக்குள்ள இருக்கிற கொழுப்பை எடுத்துட்டா முகம் செதுக்கின மாதிரி ஆயிடுமாம். தையில கல்யாணம், இப்பவே செஞ்சாத்தான் அதுக்குள்ள வீக்கம் வத்தும்னு சொல்றாங்க" என்று கீழே எழுதியிருந்தாள். அவளுக்கு வயது 24. கட்டணம் 80,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 94,400 ரூபாய் என்ற மதிப்பீட்டுச் சீட்டும், மாதத் தவணையில் கட்டலாம் என்ற குறிப்பும் கூடவே வந்திருந்தன. நோய்க்கான சிகிச்சைக்கு இந்த வரி கிடையாது. பிறவிக் குறையையோ விபத்தில் சிதைந்த முகத்தையோ சீர்செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் கிடையாது. அழகுக்காக மட்டும் செய்துகொண்டால் உண்டு. உனக்கு நோய் ஒன்றும் இல்லை என்பதை அந்தச் சீட்டே அவளிடம் சொல்லியிருக்கிறது, அவள்தான் கவனிக்கவில்லை.

நான் பல் மருத்துவர். 22 ஆண்டுகளாக மதுரையில் பிறர் கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்துப் பிழைக்கிறேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் எதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பல்லை வெளுக்கவும் வரிசைப்படுத்தவும் வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் என் கிளினிக்கின் வாடகை போகிறது. ஆனாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் கன்னத்திலிருந்து கொழுப்பை அறுத்தெடுப்பதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அவளுக்குத் தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொழுப்பு எதுவென்று பார்ப்போம். வயிற்றில் சேரும் கொழுப்பு அல்ல அது. கன்னத்துத் தசைகளுக்கு நடுவே தனி உறைக்குள் பொதிந்திருக்கும் ஒரு மெத்தை. 1732-இல் ஹைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைச் சுரப்பி என்று நினைத்து எழுதினார். அது கொழுப்புதான் என்று 1802-இல் தெளிவாக விவரித்தவர் பிரான்ஸ் நாட்டு பிஷா. அவர் பெயரை வைத்துத்தான் லத்தீன் அமெரிக்காவில் இன்றும் இந்த அறுவையை பிஷெக்டொமியா என்கிறார்கள். பால் குடிக்கும் குழந்தைக்குக் கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் உறிஞ்ச உதவுவதும், நாம் மெல்லும்போது தசையும் தசையும் உராயாமல் வழுக்கிக் கொடுப்பதும் இதுதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் சுமார் 10 மில்லி லிட்டர் இருக்கும். வீட்டுக் கணக்கில் இரண்டு தேக்கரண்டி. உடல் இளைத்தாலும் பெருத்தாலும் இது அவ்வளவாக மாறுவதில்லை. "எவ்வளவு ஓடினாலும் கன்னம் மட்டும் குறையவில்லை" என்று பெண்கள் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுவை சிறியதுதான், அதை மறுக்க முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்தின் உட்புறத்தில், மேல்தாடையின் கடைவாய்ப்பற்களுக்கு எதிரே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, வெளியே இலேசாக அழுத்தினால் மஞ்சளாகக் கொழுப்பு பிதுங்கி வரும். வந்ததை மட்டும் வெட்டிவிட்டு, கரையும் நூலால் இரண்டு தையல் போடுவார்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முகத்தில் தழும்பும் தெரியாது. ஆனால் அந்த இடத்தின் அக்கம்பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு நேராகத்தான் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் வாய்க்குள் திறக்கிறது. மேலுதட்டை உயர்த்திச் சிரிக்க வைக்கும் முக நரம்பின் கிளைகளும் அந்தக் கொழுப்பை ஒட்டியே ஓடுகின்றன. தேர்ந்த கை இவற்றைத் தொடாமல் வெளியே வந்துவிடும். தேராத கை பட்டால் கன்னத்துக்குள் எச்சில் தேங்கலாம், சிரிப்பு ஒரு பக்கம் கோணலாம், இரண்டு பக்கமும் சமமாக எடுக்காமல் ஒரு கன்னம் குழிந்து மறு கன்னம் மேடாக நிற்கலாம்.

இவை அபூர்வமாக நடப்பவை. எல்லாருக்கும் நிச்சயமாக நடக்கப்போவது வேறொன்று இருக்கிறது: வயது. முப்பதுக்கு மேல் முகத்துக் கொழுப்பு மெல்ல வற்றவும் இறங்கவும் தொடங்கும், தாடை எலும்பும் கன்ன எலும்பும் தேயும், தோல் தளரும். நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, கன்னம் டொக்கு விழுந்துவிட்டது என்பார்கள். விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பார்த்ததும் எந்தத் தாயும் முதலில் சொல்வது "என்னடி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, சாப்பிடுறியா இல்லையா" என்பதுதான். என் அண்ணியும் அதையே சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு நெய் ஊற்றி வளர்த்தார். அப்படி வளர்த்த கன்னத்தை ஒட்ட வைக்கத்தான் இப்போது 94,400 ரூபாய். காலம் இலவசமாகவே செய்து தரப்போகும் வேலைக்குத் தவணை கட்ட வேண்டுமா என்று கேட்டேன். எடுத்ததைத் திரும்ப வைக்க வழி இல்லையா என்றால், ஒரு மாதிரியான வழிதான் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் ஃபில்லர் ஊசி போட்டு நிரப்பலாம், அது கரையக் கரைய மறுபடி போட வேண்டும். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சிக் கன்னத்தில் ஏற்றலாம், அதில் எவ்வளவு பிழைத்து நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்தக் கொழுப்பின் அருமையை நான் கற்றுக்கொண்டது அழகு நிலையத்தில் அல்ல, கல்லூரியின் அறுவை அரங்கில். பாக்கும் புகையிலையும் வருடக்கணக்கில் மென்று, கன்னத்தின் உட்புறம் தோல்பட்டைபோல விறைத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காமல் வரும் நோயாளிகளை எந்தத் தமிழ்நாட்டுப் பல் மருத்துவரும் பார்த்திருப்பார். விறைத்த பட்டைகளை வெட்டி விட்டால் வாய் திறக்கும், ஆனால் உள்ளே பெரிய ரணம் திறந்து கிடக்கும். அதை மூட அறுவை மருத்துவர் அதே வெட்டு வழியாகக் கன்னத்துக் கொழுப்பை மெதுவாக இழுத்து, போர்வைபோல விரித்துத் தைப்பார். சில வாரங்களில் அதன்மேல் புதுத் தோல் படர்ந்துவிடும். வாய்க்கும் மேல்தாடைக் காற்றறைக்கும் நடுவே விழும் ஓட்டையை இந்தக் கொழுப்பால் அடைக்கலாம் என்று 1977-இல் எக்யெடி என்பவர் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது. படிக்கிற காலத்தில், 20 வயதில், எங்கள் பேராசிரியருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த எனக்கு, இந்த மஞ்சள் மெத்தை உடம்பு நமக்காக ஒளித்து வைத்திருக்கும் கைச்சேமிப்பாகத் தோன்றியது. இப்போது அதைக் கிண்ணத்தில் போட்டுப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார்கள்.

அவளுடைய முகம் அகலமாகத் தெரிவதற்குக் காரணம் கொழுப்புதானா என்று அந்த நிலையத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வந்த பெரிய கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மதுரைக்கு வந்தபோது, காது மடலுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில் விரலை வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குத் தசை துருத்திக்கொண்டு எழுந்தது, வலப்பக்கம் இன்னும் கூடுதலாக. மசெட்டர் என்ற மெல்லும் தசை அது. நான் சொன்ன கொழுப்பு அதற்கு முன்னால், வாயோரம் நோக்கி இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் கோரைப்பற்களின் கூர் மழுங்கித் தட்டையாகியிருந்தது, கன்னத்தின் உட்புறம் பல் பதிந்த வெள்ளைக் கோடு ஓடியது. காலையில் எழுந்தால் தாடை வலிக்குமா என்றேன், வலிக்கும் என்றாள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாள் என்று அறைத்தோழி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். உடற்பயிற்சி செய்தால் புஜம் திரள்வதைப்போல, இரவெல்லாம் கடித்தால் தாடையோரம் திரளும். கொழுப்பை எடுத்திருந்தால் நடுக்கன்னம் குழிந்து, தாடையோரம் அப்படியே நின்று, முகம் முன்னைவிடச் சதுரமாகத் தெரிந்திருக்கும்.

தசைதான் காரணம் என்றால் அதற்கு போடாக்ஸ் ஊசி இருக்கிறது. 1994 முதலே மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டு வரும் முறை இது. சதுரத் தாடையை ஒடுக்க கொரியாவில் மிகப் பரவலாகப் போடுகிறார்கள். ஓரிரு மாதத்தில் தசை மெலியும், ஏறத்தாழ ஆறு மாதத்தில் மருந்தின் வேகம் தீர்ந்து பழையபடி திரும்பும். கெட்டியானதைக் கடிக்கச் சில வாரம் சிரமப்படுவதும், ஊசி இடம் தவறினால் சிரிப்பு கோணுவதும் உண்டு. ஆனாலும் பிடிக்காவிட்டால் காத்திருந்தால் போதும், தானே சரியாகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே அறுவையைவிட இது எனக்கு ஏற்புடையது. மோவாயையும் தாடைக் கோட்டையும் எடுப்பாக்கப் போடும் ஹயலூரோனிக் அமில ஃபில்லரும் கரைக்கக் கூடியதே, ஆனால் அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகுவதிலிருந்து அபூர்வமாகப் பார்வை பறிபோவது வரை நடந்திருக்கிறது. கரைக்கும் மருந்தான ஹயலூரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, விழிக்கிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று விற்பதில் டிஆக்ஸிகோலிக் அமிலத்துக்கு 2015-இல் அமெரிக்கா கொடுத்த அனுமதி மோவாய்க்குக் கீழே தொங்கும் சதைக்கு மட்டுமே. கன்னத்துக்கு அல்ல.

இத்தனைக்கும் தொடக்கம் ஓர் அலுவலகக் குழுப் படம். பதினைந்து பேர் நிற்கிறார்கள், இவள் ஓரத்தில் நிற்கிறாள். கைபேசியின் அகலக் கோண லென்ஸ் படத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கும். மறு ஓரத்தில் நின்ற ஒல்லியான பையனுக்கும் அந்தப் படத்தில் பூசணி முகம்தான். அதற்கு முந்தைய செல்ஃபிகளிலெல்லாம் கன்னத்தை ஒடுக்கும் ஃபில்டர் தானாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் தன் முகம் என்று நினைத்துப் பழகியது ஒடுக்கிய முகத்தை, அதிர்ச்சி அடைந்தது இழுத்த முகத்தைப் பார்த்து. இரண்டுமே அவளுடையதல்ல.

இந்த அறுவை யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழ்க்கன்னம் உண்மையிலேயே கனத்து, மெல்லும்போதெல்லாம் உட்புறத்தைக் கடித்துக்கொள்கிறவர்களுக்கு இது நிவாரணம். 2021-இல் அமெரிக்க மாடல் அழகி கிறிஸி டீகன் தாம் செய்துகொண்டதை வெளிப்படையாகச் சொன்னார், பலனைக் குறித்து மகிழ்ச்சியாகவும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 35. முகம் முதிர்ந்து தன் வடிவத்துக்கு வந்த பிறகு, பிளாஸ்டிக் சர்ஜரியிலோ முகத்தாடை அறுவையிலோ முறையாகப் பட்டம் பெற்றவரிடம், எவ்வளவு எடுப்பார், எவ்வளவு விடுவார் என்று கேட்டுத் தெரிந்து செய்துகொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் அண்ணன் மகளுக்குப் பென்சில் கோடு போட்டவர் மருத்துவரே இல்லை, "ஆலோசகர்". மருத்துவரை அறுவை நாளன்று பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். முன்பணம் கட்டினால் இந்த வாரம் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கிறவள்கூட முந்தானையைப் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பாள்.

முன்பணம் கட்டவில்லை. பல்லை அளவெடுத்து, இரவில் போட்டுக்கொள்ள ஒரு தடுப்புத் தகடு செய்து கொடுத்தேன். சொந்த அத்தை என்பதால் லேப் செலவு மட்டும் வாங்கினேன். நேற்று அதைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்தே வாரத்தில் வலப்பக்கம் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது. காலையில் தாடை வலி இல்லை என்கிறாள். முகம் மெலிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "முப்பது வயசுல மறுபடி கேப்பேன் அத்தை" என்றாள். கேள், அப்போதும் அந்த இரண்டு தேக்கரண்டி உன் கன்னத்தில் இருந்தால் பேசலாம் என்றேன்.