அழவைக்கிறது உளவளத்துணை இல்லை

உளவளத்துணை (கவுன்சலிங்) என்ற பேரில், மகன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அம்மாவை மண்டபத்தில் மைக் கொடுத்துப் பேசவைத்த அந்தச் செயலமர்வுக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப விவரிக்கப் போவதில்லை. 'கண்கலங்கி விட்டேன்' என்று பகிர்ந்தவர்கள் ஒரே ஒரு இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள். மைக் கைக்கு வந்ததும் அந்த அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்குகிறா. "சொல்லுங்கோ அம்மா, மனசில வைச்சிருக்காதேங்கோ" என்கிறார் செயலமர்வை நடத்துகிற வளவாளர். மகனை இராணுவத்திடம் கையளித்த இடம் வந்ததும் குரல் தட்டையாகிறது, கண் குத்திட்டு நிற்கிறது, சுற்றின விரல் வெளுத்துப்போகிறது. மண்டபம் கைதட்டுகிறது. "பாருங்கோ, இப்ப எவ்வளவு அமைதியா இருக்கிறா!"

அது அமைதி இல்லை ஐயா. பயம் தாங்கமுடியாமல் போனால் சிலர் நடுங்குவார்கள், சிலர் இப்படி விறைத்துப்போவார்கள். அதைக்கூடப் பிரித்தறியத் தெரியாதவர் எப்படி வளவாளர் ஆனார் என்று கேட்டால் எனக்குப் பொறாமையாம்.

அழவைக்கிறது உளவளத்துணை இல்லை. கொட்டித் தீர்த்தால் சரியாகும் என்று இந்தத் துறையே ஒரு காலத்தில் நம்பியதுதான். நெருக்கீடு (மனதை உலுக்கும் சம்பவம்) நடந்த கையோடு ஒரே இருப்பில் முழுக்கதையையும் சொல்லவைக்கும் முறை உலகமெங்கும் ஓடியது. அது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டியும் விட்டிருக்கலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் மீளாய்வு 2002இலேயே சொல்லிவிட்டது. 2011இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டியும், நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தாதே என்று நேராகவே சொல்கிறது. எங்கட மண்டபங்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"அப்ப என்னதான் செய்யிறது?" கதிரையிலிருந்து தொடங்குங்கள். வந்தவருக்கு வாசல் தெரியவேண்டும், நீங்கள் அதை மறித்து இருக்கக்கூடாது. கதவைச் சாத்தலாமா என்று கேளுங்கள், பூட்டவே வேண்டாம். எவ்வளவு நேரம், என்ன எழுதுவீர்கள், அதை யார் வாசிப்பார்கள், எந்த நிலையில் வேறு ஆளிடம் சொல்லவேண்டி வரும் என்பதெல்லாம் கதை தொடங்க முன்னம் சொல்லவேண்டியவை. 'நிப்பாட்டுவம்' என்பதற்கு ஒரு கை அடையாளம் பேசி வையுங்கள். எடுத்தவுடன் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், பங்கருக்குள் கிடந்தவருக்கு இருட்டு ஓய்வு இல்லை. ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லியும் விரட்டாதீர்கள். பதற்றத்தில் வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் விறைக்கும், ஆள் இன்னும் பயந்துபோவார். வெளியே விடுகிற மூச்சை மெதுவாக நீட்டச் சொன்னால் போதும்.

அந்த அம்மாவைப்போல ஆள் விறைத்துப்போனால் கதை அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம், பாதம் நிலத்தில் படுகிறதா என்று கேட்டு இந்த நேரத்துக்குக் கூட்டிவாருங்கள். கேட்காமல் தோளைத் தடவக்கூடாது. 45 நிமிடச் சந்திப்பென்றால் கடைசி 10 நிமிடத்தில் புதுக் கதை திறக்கக்கூடாது. எந்த பஸ், வீட்டில் யார், இரவு நித்திரை வராவிட்டால் என்ன செய்வார் என்பதற்கான நேரம் அது. தேசிய மனநல உதவித் தொலைபேசியான 1926 என்ற இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த நாள் ஒரு போன் எடுங்கள். இதில் எதற்காவது மேடை தேவையா?

"செத்தவீட்டில ஒப்பாரி வைக்கிறமே, அது மட்டும் என்னவாம்?" நியாயமான கேள்வி. ஒப்பாரியில் அழுகிறவளைச் சுற்றி அவளுடைய ஆக்கள் இருக்கிறார்கள், கட்டிப்பிடிக்கக் கை இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்று அவளுக்கே தெரியும். எட்டு, அந்தியேட்டி என்று சடங்குகளுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவனுக்கு அந்தியேட்டி எந்தத் திகதியில் செய்வது? பொட்டு வைப்பதா விடுவதா என்பதே தீராமல் எத்தனை வீடுகள் கிடக்கின்றன. அந்தத் துயரத்தை மைக் கொடுத்து முடித்துவைக்கலாம் என்று நினைக்கிறீர்களே!

"அவவே விருப்பப்பட்டுத்தான் பேசினவ." விருப்பத்தை எப்போது கேட்டீர்கள்? சோற்றுப் பார்சலும் கொடுத்து, முன் வரிசையில் பிரதேச செயலக ஆக்களையும் இருத்தி, மைக்கை நீட்டினால் யார்தான் மாட்டேன் என்பார்? முதல் நாளே, தனியாக, 'மாட்டன்' என்றால் ஒரு உதவியும் நிற்காது என்று சொல்லிக் கேட்டிருந்தால் ஒத்துக்கொள்ளலாம். படம் முகநூலுக்குப் போகும் என்பதையும் சொல்லியிருக்கவேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்பவர்களுக்குப் பதில் இல்லை. கதவைப் பூட்டாதே என்பதில் என்ன வெள்ளை?

'அவைக்குப் பேச ஒரு இடம் குடுத்தனாங்கள்' என்று ஏற்பாட்டாளர்கள் காணொளியோடு எழுதியிருந்ததுதான் உண்மையில் சுட்டது. போருக்குப் பிறகு அரசாங்கம் அமைத்தவையே எத்தனை: 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் காணாமல் போனோரை விசாரிக்கும் பரணகம ஆணைக்குழு, 2016இல் நல்லிணக்கத்துக்கான கலந்தாலோசனைச் செயலணி, பிறகு காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் இந்த அம்மாமார் பிள்ளையின் பிறந்த திகதியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. 2017இலிருந்து தெருவோரப் போராட்டக் கொட்டகையிலும் இருந்து சொன்னார்கள். அவர்கள் பேசாமல் இருந்தது எப்போது? பதிலைத்தானே யாரும் கொடுக்கவில்லை.

அந்த அம்மாவுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற பிள்ளையைப் பார்த்தீர்களா? களப்பணியாளர். கேட்டதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கவேண்டிய ஆள். அவளோடு மாதம் ஒருமுறையாவது இருந்து கதைக்க மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறாரா? மாதாந்த அறிக்கையில் 'பயனாளிகள்' என்ற பெட்டி இருக்கிறது, அவளுக்குப் பெட்டி இல்லை. மண்டப வாடகைக்கும் பதாகைக்கும் காசு ஒதுக்குகிறவர்கள் மேற்பார்வைக்கென்றால் 'திட்டத்தில அது இல்லை' என்கிறார்கள். திட்டம் முடிந்ததும் அவளும் வேறு வேலைக்குப் போய்விடுவாள், கோப்பு அலுமாரியில் கிடக்கும். அடுத்த நிறுவனம் வரும்போது அம்மா திரும்பவும் பிறந்த திகதியிலிருந்து தொடங்குவா.

'நீங்கள் என்ன கிழிச்சனீங்கள்' என்று கீழே எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். காணொளி இணைப்பை மட்டும் இங்கே போடவேண்டாம், அழித்துவிடுவேன்.