பெரிய இடத்துச் சம்பந்தம்

தம்பி: அக்கா, அறுபது செடித் தொட்டிகள் வாடகைக்கு வேண்டும். ஒரு பகல் பொழுது போதும். விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆல்பம் மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் ஒரு பெரிய இடத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

அக்கா: உன் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும், தம்பி. போன மாதம்கூட உன் அம்மா இதே திண்ணையில் உட்கார்ந்து, உனக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறதே என்று கண் கலங்கிவிட்டுப் போனார். மண்டபம் காவேரிப்பட்டினத்திலா, தருமபுரியிலா? மேடையின் இரண்டு பக்கமும் அரிக்கா பாம் வைத்துவிடுகிறேன்; வாசலுக்குக் குரோட்டன்ஸ் போதும்.

தம்பி: மண்டபம் எதற்கு? மாமா வீட்டுப் பின்கட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அக்கா: சிக்கனம் நல்லதுதான். ஆனால் பெரிய இடத்துக்காரர்கள் பின்கட்டில் வந்து பந்தியில் உட்காருவார்களா? அது கிடக்கட்டும், இதுவரை எத்தனை இடம் பார்த்தீர்கள்?

தம்பி: ஒன்றோடு நிறுத்தும் எண்ணமில்லை, அக்கா. ஆண்டுக்கு நான்கு இடமாவது பிடித்தால்தான் கட்டுபடியாகும். ஒன்று முடிந்த கையோடு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

(அக்கா கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார். கறிவேப்பிலைக் கன்று வாங்க அக்காவின் நர்சரிக்கு வந்திருந்த நான், விலை பேசுவதை ஒத்திவைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.)

அக்கா: இது உன் அம்மாவுக்குத் தெரியுமா?

தம்பி: கேமரா வாங்கப் பணம் கொடுத்ததே அம்மாதான். அக்கா, நான் சொல்வது தோட்டம் அமைக்கும் தொழிலை. லேண்ட்ஸ்கேப்பிங். பெங்களூருப் பணக்காரர்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பண்ணை வீடு கட்டுகிறார்கள் அல்லவா? அவர்களிடம் காட்டுவதற்கு, நான் செய்த வேலைகளின் படத்தொகுப்பு ஒன்று வேண்டும். போர்ட்ஃபோலியோ என்பார்கள்.

அக்கா: செய்த வேலைகளின் தொகுப்பு என்றால் செய்த இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டியதுதானே? என் தொட்டிகளை உன் மாமா வீட்டுப் பின்கட்டில் அடுக்கிப் படம் எடுத்தால் அது யார் செய்த வேலை?

தம்பி: எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அக்கா: அது எனக்குத் தெரியாதா? அதோ நிற்கிறதே அந்த அரிக்கா பாம், அது மட்டும் பதினோரு பேருடைய ஆல்பத்தில் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட அதற்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதில்லை. எங்கே, இதுவரை சேர்த்ததைக் காட்டு.

தம்பி: இது சூளகிரிக்கு அருகில் ஒரு பங்களா.

அக்கா: சூளகிரியில் மேப்பிள் இலை எப்போதிலிருந்து உதிர்கிறது?

தம்பி: அது... இணையத்தில் கிடைத்த படம். என் கற்பனையும் அதே போக்கில்தான் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகச் சேர்த்தேன்.

அக்கா: வேறு வீட்டு மாப்பிள்ளையின் படத்தைக் காட்டிப் பெண் கேட்கிறாய். அடுத்தது?

தம்பி: இது கணினியில் வரைந்த முப்பரிமாணப் படம். ஒரு மாதம் உழைத்தேன்.

அக்கா: மரத்தின் நிழல் கிழக்கே விழுகிறது, நாற்காலியின் நிழல் மேற்கே விழுகிறது. இந்தப் பங்களாவுக்கு மட்டும் இரண்டு சூரியனா? பெரிய இடம் என்றால் வசதி அதிகமாகத்தான் இருக்கும்.

தம்பி: கேலி வேண்டாம், அக்கா. பணக்காரர்களுக்குக் கண்ணைப் பறிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பத்து சென்ட் பரப்பில் ஒரே பச்சையாகப் புல்தரை, நடுவில் ஆலிவ் மரம், ஓரமாக ராயல் பாம்.

அக்கா: பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 2,000 லிட்டர் ஆகிறது. 6,000 லிட்டர் டேங்கர் மூன்று நாளுக்கு ஒருமுறை உன் ஆல்பத்துக்குள் வந்து நிற்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுகிறது என்றுதான் ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். நீ புல்லுக்குப் புதிதாக ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் கேட்கிறாய்.

தம்பி: ஆலிவ் மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அக்கா: அதியமான் ஆண்ட தகடூர்தான் உன் தருமபுரி. அவனைவிடப் பெரிய இடம் உனக்குக் கிடைக்கப்போவதில்லை. அவன் ஔவைக்குக் கொடுத்தது நெல்லிக்கனி. ஔவையும் ஆலிவ் இல்லையா என்று கேட்கவில்லை.

தம்பி: இந்தக் காலத்தில் நெல்லி மரத்தைக் காட்டினால் யார் மதிப்பார்கள்?

அக்கா: போன தையில் ஓசூரிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் வந்து, இதோ இந்தத் திண்ணையில் உட்கார்ந்து, உன்னைப் போன்ற மூன்று பேருடைய ஆல்பங்களைப் புரட்டினார். பெரிய இடத்து வேலை நேராக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது, தம்பி. அவரைப் போன்றவர்கள் வழியாகத்தான் வரும்.

தம்பி: அப்படியென்றால் அவர்தான் தரகர்.

அக்கா: இப்போதுதான் வழிக்கு வருகிறாய். இருநூறு படம் வைத்திருந்தவனுடைய ஆல்பத்தை நான்காவது பக்கத்திலேயே மூடிவிட்டார். இன்னொருவனிடம் மொத்தமே ஏழு வேலைகள்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும், வேலை தொடங்கும் முன் எந்தச் செங்கல்லின் மேல் நின்று படம் எடுத்தானோ, அதே செங்கல்லின் மேல் நின்று முடிந்த பிறகும், ஓராண்டு கழித்தும், மூன்றாண்டு கழித்தும் எடுத்திருந்தான். அதுவும் உச்சி வெயிலில் அல்ல, காலையில் வெயில் ஏறுமுன் எடுத்தவை. எந்த இடத்தில் மழைநீர் தேங்கியது, அதை எப்படி வடித்தான், என்ன செடி, எவ்வளவு செலவு என்று படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதியிருந்தான். அந்த நான்கு வரியைத்தான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

தம்பி: மூன்றாண்டு கழித்து எதற்குப் படம்?

அக்கா: கலியாணத்தன்று எல்லா ஜோடியும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாண்டு கழித்துப் போய்ப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் பாறை. அதன்மேல் செம்மண்ணைக் கொட்டி, ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்த பாமை நட்டுவிட்டால், முதல் ஆண்டுப் படத்தில் அது ராஜா. மூன்றாம் ஆண்டில் விறகு.

தம்பி: சரி, பாமை விட்டுவிடுகிறேன். வேலியோரமாக யாரிடமும் இல்லாத வெளிநாட்டுப் பூச்செடியாக ஏதாவது சொல்லுங்கள்.

அக்கா: உண்ணிச்செடி.

தம்பி: விளையாடாதீர்கள். தேன்கனிக்கோட்டைக் காட்டில் கால் வைக்க முடியாமல் மண்டிக் கிடப்பது அதுதானே?

அக்கா: அதுவேதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரப் பெரிய இடத்தில், யாரிடமும் இல்லாத பூச்செடி என்று தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைய ஆல்பத்தில் அதற்கு முதல் பக்கம் கிடைத்திருக்கும். இன்று ஆடு மாடுகளுக்குப் புல் முளைக்க இடமில்லை, யானைக்கும் இல்லை.

(இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் கேலி இல்லை. தம்பி சிறிது நேரம் ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பழைய பாட்டுக்கே திரும்பிவிட்டான்.)

தம்பி: எப்படியிருந்தாலும் பெரிய இடம் ஒன்று அமைய வேண்டும், அக்கா.

அக்கா: இரு, என்னிடமும் ஒரு தொகுப்பு இருக்கிறது. (கல்லாப் பெட்டியின் அடியிலிருந்து நீண்ட நோட்டு ஒன்றை எடுக்கிறார்.) பெரிய இடங்கள் மட்டுமே உள்ள தொகுப்பு, சின்ன இடம் ஒன்றைக்கூடச் சேர்த்ததில்லை. இதோ, இரண்டு கார் நிறுத்தும் பண்ணை வீடு: கிரகப்பிரவேசத்துக்கு மூன்றே நாளில் தோட்டம் வேண்டும் என்று நானூறு செடி எடுத்தார்கள், இரண்டு ஆண்டாகப் பாக்கி. இது நீச்சல் குளம் உள்ள வீடு. செடி வாடிவிட்டது, ஆகவே பணம் கிடையாது என்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தீர்களா என்று கேட்டால், அதையும் நர்சரியில்தான் தருவார்கள் என்று நினைத்தார்களாம்.

தம்பி: இந்த நோட்டில் ஏழைகள் யாருமே இல்லையா?

அக்கா: அவர்கள் ரொக்கம் கொடுத்துவிட்டுக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போய்விடுகிறார்கள். அவர்களை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது? சரி, நீ உண்மையாகவே செய்த வேலை என்று ஒன்றுகூடவா இல்லை?

தம்பி: ஒன்று இருக்கிறது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் வீடு. நான்கு ஆண்டு ஆகிறது. பாறையை உடைக்காமல் அப்படியே விட்டு, சுற்றிலும் புங்கமும் சரக்கொன்றையும் நட்டு, சொட்டுநீர் போட்டேன். ஒரு செடி சாகவில்லை. ஆனால் தக்காளிக்காரர் வீட்டை எப்படி ஆல்பத்தில் போடுவது?

அக்கா: அவர் பணம் கொடுத்தாரா?

தம்பி: வேலை முடிந்த அன்றே, மேலே ஒரு பெட்டித் தக்காளியும் கொடுத்தார்.

அக்கா: இப்படி ஒரு சம்பந்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டா ஊரெல்லாம் பெண் தேடுகிறாய்? படம் போட அவரிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு, நாளைக் காலை முதல் பேருந்தில் கிளம்பு.

தம்பி: போகிறேன். ஆனால் தொட்டிகள் வேண்டும், அக்கா. அறுபது வேண்டாம், ஆறு போதும்.

அக்கா: மறுபடியும் தொட்டியா? எதற்கு?

தம்பி: இரண்டு சரக்கொன்றைக்கும் நடுவில் அவர்கள் வீட்டம்மா துணிக்கொடி கட்டியிருக்கிறார். அவிழ்க்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதை மறைப்பதற்குத்தான்.

அக்கா: அந்த அரிக்கா பாமை மட்டும் தொடாதே, அது களைத்துப் போயிருக்கிறது. மற்றதில் ஆறு எடுத்துக்கொள். முன்பணத்தைக் கல்லாவில் வை.