கறுப்புத் திரை பிரச்சினையில்லை, பிரின்டர்தான்

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் இயங்குதளமான லினக்ஸை ஓட்ட, கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தக் கட்டுரையாளர் சொல்வது பழைய கதை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில் இன்று கீழே இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் வைஃபையும் கடிகாரமும். விண்டோஸ் பழகியவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, சவுண்டு வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் நிறுவலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இடறும் இடங்கள் வேறு. தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால், பிறமொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்கள் இரண்டையும் நிறுவ வேண்டும். லாக்அவுட் செய்து திரும்ப வரும்வரை பெரும்பாலும் தமிழ்99 விசைப்பலகைப் பட்டியலிலேயே தெரியாது. இதை யாரும் சொல்லித் தராததால் "லினக்ஸில் தமிழ் வராது" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

பிரின்டர் இன்னும் மோசம். ஹெச்பி மாடல்கள் பல, வயரைச் செருகியதுமே வேலை செய்யும். ஆனால் நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் சாதாரணமாகப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தன் சொந்த மொழியில்தான் பேசும். அதை லினக்ஸில் ஓட வைக்கப் பொறுமை வேண்டும், கட்டுரையாளர் பயமுறுத்திய கறுப்புத் திரையும் வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.