கட்லஸ் ஓட்டியவனின் வருத்தம்

'முதியவர்களின் கார்' என்ற முத்திரையால்தான் ஓல்ட்ஸ்மொபைல் என்ற அமெரிக்கக் கார் நிறுவனம் மறைந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1897இல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் ரான்சம் ஓல்ட்ஸ் தொடங்கிய நிறுவனம் அது. தானாகவே கியர் மாறும் ஹைட்ராமாட்டிக் கியர்பெட்டியை 1940 மாடலிலேயே விற்றவர்கள்! பெயரைக் கெடுத்தது 1978 மாடலில் வந்த டீசல் என்ஜின். டீசலின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காமல் என்ஜினின் மேல்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் கைவிட்டன, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனது, குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. நம்பி வாங்கியவர்கள் திரும்பி வரவில்லை. மிச்சிகனில் படித்தபோது ஓல்ட்ஸ்மொபைலின் பழைய கட்லஸ் சியேரா வைத்திருந்தேன், பெட்ரோல் வண்டி. உறைபனிக் காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அதன் அகலமான முன் இருக்கையை இன்றும் தேடுகிறேன். 2004 ஏப்ரலில் லான்சிங்கிலேயே கடைசி ஓல்ட்ஸ்மொபைல் கார் வெளிவந்த செய்தியைப் படித்த அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை.