கெயினை ஏற்றினால் படகு நேராகப் போகாது

"டில்லர் பைலட் தடுமாறினால் கெயினை முழுசா ஏத்துங்க, சரியாகிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (டில்லர் என்பது பாய்மரப் படகின் சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. அதைத் தானாகத் தள்ளி இழுத்துப் படகைத் திசை மாறாமல் ஓட்டும் கருவிதான் டில்லர் பைலட். விலகலுக்கு ஏற்ப அது சுக்கானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற அமைப்புதான் கெயின்.) தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் நிலைமை மோசமாகத்தான் ஆகும். கெயின் கூடினால் சின்ன விலகலுக்கும் கருவி சுக்கானைப் பெரிதாகத் திருப்பும், படகு மறுபக்கம் ஓடும், திரும்பவும் இழுக்கும். மோட்டாருக்கு ஓய்வே இருக்காது, பேட்டரியும் வேகமாக இறங்கும்.

முதலில் பைலட்டைக் கழற்றிவிட்டு டில்லரைக் கையில் பிடித்துப் பாருங்கள். படகின் முன்பக்கம் காற்றை நோக்கித் திரும்பப் பார்த்து, நீங்களே பலமாக இழுக்க வேண்டியிருந்தால், அந்தச் சின்ன மோட்டார் என்ன செய்யும்? பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்துங்கள், காற்று கூடினால் தாமதிக்காமல் பாயின் பரப்பைக் குறையுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் பொருத்திய இடம். ரேமரைன் நிறுவனத்தின் எஸ்டி1000, எஸ்டி2000 ஆகிய இரண்டு டில்லர் பைலட்டுகளிலும், கருவியை மாட்ட டில்லரில் உள்ள முளை சுக்கான் அச்சிலிருந்து 460 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஸ்பீக்கர், இரும்புச் சாமான்கள் பக்கத்தில் இருந்தால் உள்ளிருக்கும் திசைகாட்டி ஏமாறும். மின் பிளக்கில் உப்பால் பச்சைக் கறை பிடித்திருந்தாலும் மோட்டார் சோர்ந்துபோகும். அதைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

பின்னாலிருந்து பெரிய அலை வரும்போது மட்டும் எந்த அமைப்பையும் நம்பாதீர்கள். அலையைக் கருவி முன்கூட்டிப் பார்க்காது, படகு திரும்பிய பிறகுதான் உணரும். அப்போது டில்லரை நீங்களே பிடியுங்கள்.