சுவருக்கு ஒரு படம், கப்பலுக்கு ஒரு படம்

காபிக்கடைகளில் இப்போதெல்லாம் பழுப்பேறிய உலக வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். போன வாரம் அப்படி ஒன்றின் கீழே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைத் தம்பி, “அந்தக் காலத்துல மாலுமிங்க இதை வெச்சுத்தான் உலகத்தையே சுத்துனாங்க” என்று நண்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாயை அடக்கிக்கொண்டேன். இங்கே அடக்க முடியவில்லை.

சுவரில் இருந்தது ஆம்ஸ்டர்டாம்காரர் வில்லெம் பிளாவ் 1606-இல் வெளியிட்ட படத்தின் நகல். மேலே சூரியனும் சந்திரனும் சேர்த்து ஏழு கோள்கள், தேவர்களாகத் தேரேறி வருகிறார்கள். இடப்பக்கம் நிலம், நீர், நெருப்பு, காற்று என்று நான்கு பூதங்கள், வலப்பக்கம் நான்கு பருவங்கள், அடியில் ஏழு உலக அதிசயங்கள். தெற்கே, யாருமே பார்த்திராத பெருங்கண்டம் ஒன்று வேறு! புயலில் மாட்டிய மாலுமிக்கு எகிப்துப் பிரமிடு எதற்கு ஐயா?

இது காசுள்ள வணிகர் வீட்டுக் கூடத்துக்கு அடித்த சரக்கு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிப்பார்கள்; கையால் வண்ணம் தீட்டித் தர வேண்டுமென்றால் விலை கூடும். திமிங்கிலமும் கப்பலும் வெறும் அறியாமையில் வந்தவை அல்ல. கடல் காலியாகக் கிடந்தால் வாங்குகிறவனுக்குக் கொடுத்த காசு செரிக்காது.

இதே பிளாவ் 1633-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரைபடக்காரர் ஆனார். பழவேற்காட்டுக்கு வந்துபோன கம்பெனிக் கப்பல்களுக்கான படங்கள் தோலில் கையால் வரைந்தவை. தேரும் கிடையாது, தேவர்களும் கிடையாது. கரை, ஆழம், திசைக்கோடுகள், அவ்வளவுதான். பயணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தொழில் ரகசியம் அல்லவா!

(மெர்க்கேட்டர் என்ற வரைபடக்காரரின் 1569 உலகப் படம் மாலுமிகளை மனதில் வைத்துப் போட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன்.)

போர்ச்சுகீசியர்களும் இந்த விஷயத்தில் இறுக்கம்தான். 1502-இல் இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட டியூக்குக்காக அல்பெர்தோ காந்தினோ என்ற ஆள் லிஸ்பனில் 12 டுகாட் பொற்காசு கொடுத்து போர்ச்சுகீசிய உலகப் படத்தின் நகல் ஒன்றைக் கமுக்கமாக வரவழைத்தார். டியூக்குக்குப் போகிற நகல் என்பதால் பிரேசிலில் கிளிகளை உட்காரவைத்திருக்கிறார்கள்! சில நூற்றாண்டு கழித்து மொதேனா நகரத்து இறைச்சிக்கடை ஒன்றில் அது அகப்பட்டது. இப்போது அந்த ஊர் எஸ்தென்சே நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் வீட்டு ஹாலிலும் பிளாவ் படம் ஒன்று தொங்குகிறது. திரைச்சீலை நிறத்துக்குப் பொருந்துகிறது என்று மனைவி வாங்கியது. பிளாவ் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.