இடுகைகளை அடுக்கினால் புத்தகம் ஆகாது

வலைப்பூவில் நான்கைந்து ஆண்டுகள் விடாமல் எழுதியவரிடம் நூறு, நூற்றைம்பது இடுகைகள் சேர்ந்திருக்கும். அவற்றைத் தொகுத்துத் தானே மின்னூலாகப் போடலாம் என்று தோன்றுவது இயல்பு. போடத்தான் வேண்டும். யார் அனுமதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத காலத்தில் எழுதுகிறோம். என் வருத்தம் வேறு. நல்ல நடை இருக்கும், உழைப்பு இருக்கும், சொல்ல விஷயமும் இருக்கும். ஆனாலும் இடுகைகளைத் தேதி வாரியாக அடுக்கி அட்டை போட்டதாலேயே வீணாகிப்போகும் நூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் இதைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

இடுகையைப் படிப்பவர் எங்கிருந்து வருகிறார் என்று எழுதுபவருக்குத் தெரியாது. தேடுபொறியிலிருந்து வரலாம், யாரோ பகிர்ந்ததைப் பார்த்து வரலாம். அதனால் ஒவ்வோர் இடுகையும் முதல் பத்தியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும், நடுவில் அடிப்படையை மறுபடி விளக்கும், கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வைக்கும். தனியாகப் படித்தால் இது பலம். முப்பதை வரிசையாகப் படித்தால் முப்பது அறிமுகம், முப்பது முத்தாய்ப்பு. நூலைப் படிப்பவரோ முந்தைய அத்தியாயத்திலிருந்து வருகிறார். அதே விளக்கத்தை மூன்றாம் முறை கேட்டால் மூடி வைத்துவிடுவார்.

எனவே முதல் வேலை தொகுப்பது அல்ல, கணக்கெடுப்பது. ஒரு விரிதாளில் எல்லா இடுகைகளையும் எழுதுங்கள்: தலைப்பு, தேதி, சொல் எண்ணிக்கை, அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை எழுத முடியாத இடுகை நூலுக்கு வேண்டாம். ஒரே கேள்விக்கு மூன்று இடுகைகள் விடை சொன்னால் மூன்றையும் கலந்து ஒன்றாகத் திரும்ப எழுத வேண்டும். பாதி மிஞ்சினாலே நல்ல அறுவடை என்பது என் கணிப்பு. மிஞ்சியதைத் தேதியை மறந்து, வாசகருக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அந்த வரிசையில் வையுங்கள். அப்போது இடையில் ஓட்டைகள் தெரியும். அவற்றை நிரப்பப் புதிதாக எழுதும் மூன்று, நான்கு அத்தியாயங்கள்தான் பல சமயம் நூலின் முதுகெலும்பாக அமையும்.

அடுத்து வரிகளுக்கு வாருங்கள். ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘சென்ற பதிவில் சொன்னதுபோல’, ‘பின்னூட்டத்தில் நண்பர் கேட்டார்’, ‘இங்கே சொடுக்கவும்’ ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். சுட்டி கொடுத்துத் தப்பித்த இடங்கள்தான் இதில் கடினமானவை. வலைப்பூவில் ஒரு சுட்டி போட்டால் விளக்கம் முடிந்தது. அச்சில் அந்த இடம் வெறும் பள்ளம். சுட்டியின் அந்தப் பக்கம் என்ன இருந்ததோ அதை இரண்டு வரியில் உங்கள் சொற்களிலேயே சொல்லியாக வேண்டும்.

கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். பலரும் சறுக்குவது இங்கேதான்.

வேர்ட்பிரஸ்ஸிலிருந்து இடுகைகளை ஏற்றுமதி செய்தால் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். அதில் எழுத்து இருக்கும், படம் இருக்காது. படத்தின் முகவரி மட்டுமே இருக்கும். தளம் போனால் படமும் போகும், ஆகவே படங்களைத் தனியாக இறக்கி வையுங்கள். அச்சுக்குப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 640 புள்ளி அகலத்தில் ஏற்றிய வலைப்பூப் படம் அச்சில் 2 அங்குல அகலத்துக்கு மேல் தாங்காது. மூலப்படத்தைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

உலாவியிலிருந்து வெட்டி வேர்டில் ஒட்டுபவர்கள் எழுத்தோடு குப்பையையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். வண்ணம், எழுத்துரு அளவு, பின்னணி நிறம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். இரவு நேரக் கறுப்புத் திரையில் படிப்பவருக்குக் கறுப்பு எழுத்து கறுப்பிலேயே மறைந்துபோவது இதனால்தான். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: சாதாரண இடைவெளிக்குப் பதிலாக ‘உடையா இடைவெளி’ என்ற குறி வந்து உட்காரும். அது இருக்கும் இடத்தில் வரி உடையாது, எனவே பத்தி கோணல்மாணலாக நிற்கும். மருந்து எளிது: வெறும் எழுத்தாக மட்டும் ஒட்டுங்கள், பிறகு உடையா இடைவெளிகளை மொத்தமாகத் தேடிச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். சாய்வெழுத்து, மேற்கோள் ஆகியவை இதில் அழிந்துபோகும், அவற்றைக் கையால் திரும்பப் போட வேண்டும். ஒரு நாள் வேலை, பல மாதத் தலைவலியைத் தடுக்கும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. பாமினி, திஸ்கி என்ற பழைய எழுத்து முறைகளின் காலத்தில் தட்டியதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியவர்கள் மாற்றியின் வெளியீட்டை அப்படியே நம்பக்கூடாது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கும், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கும். கண் ஏமாந்துவிடும், தேடல் ஏமாறாது. அதேபோல ‘கொ’ என்ற எழுத்தில் இருக்கும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மின்னூலில் ‘கொடி’ என்று தேடினால் ஒரு வகை கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். எல்லாம் ஒரே வகையில் இருக்கும்படி இறுதிக் கோப்பை ஒருமுறை சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

இரண்டு பக்கமும் நேராக நிற்கும்படி வரிகளை இழுத்து வைக்கும் ஆசையைக் கைப்பேசித் திரையில் விட்டுவிடுங்கள். ‘சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால் மேல்வரியில் மீதி இருக்கும் மூன்று சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டியதுபோல இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். அச்சுக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவின் உரிமத்தையும் படியுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, நூலில் பொதித்து விற்கத் தடை இல்லை.

அத்தியாயத் தலைப்பைக் கையால் பெரிதாக்கித் தடிமனாக்குவதும், அடுத்த பக்கம் போக என்டர் விசையைப் பதினைந்து முறை அழுத்துவதும், பத்தி உள்தள்ள ஸ்பேஸ் தட்டுவதும் மின்னூலில் செல்லாது. தலைப்புக்கு ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுத்தால்தான் உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகும். மின்னூலுக்கான இபப் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே சின்னச் சின்ன வலைப்பக்கங்கள். பாணிகள் ஒழுங்காக இருந்தால் காலிபர் அல்லது சிகில் மென்பொருள் வழியே நல்ல இபப் செய்துவிடலாம். அதை இபப்செக் என்ற கருவியில் சோதித்து, பிறகு அமேசானின் கிண்டில் பிரிவ்யூவரிலும் ஒரு சாதாரணக் கைப்பேசியிலும் திறந்து முதலிலிருந்து கடைசிவரை தள்ளிப் பாருங்கள். சோதனைக் கருவி கோப்பின் கட்டமைப்பைத்தான் பார்க்கும். உடைந்த எழுத்தை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும்.

உரிமை பற்றிப் பேசாமல் விட முடியாது. உங்கள் இடுகை உங்களுடையது. அதன் கீழே வந்த பின்னூட்டம் எழுதியவருடையது. அருமையான பின்னூட்டம் என்பதற்காகக் கேட்காமல் நூலில் சேர்க்காதீர்கள். வலையில் எடுத்து ஒட்டிய படங்களுக்கும் இதே கதை. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வலைப்பூவின் ஓரத்தில் பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரையை என்றோ வைத்திருந்தால், அதன்படி எடுத்தவர்களிடமிருந்து அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. முத்திரையை இப்போது எடுத்துவிட்டாலும் முன்பு கொடுத்தது கொடுத்ததுதான்.

இதோடு பிணைந்த பெரிய கண்ணி கேடிபி செலக்ட். கேடிபி என்ற அமேசானின் சுயபதிப்புத் தளம் வழியாக மின்னூல் போடும்போது இதில் சேரவா என்று கேட்கும். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தின் வாசகர் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும். பதிலுக்கு 90 நாளைக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக்கூடாது. ‘வேறு எங்கும்’ என்பதில் உங்கள் சொந்த வலைப்பூவும் அடக்கம். முன்னோட்டமாக 10 விழுக்காடு வரை வெளியே இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் விதிமீறல். 90 நாள் முடிந்ததும் நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சுநூலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வலைப்பூவிலிருந்து பிறந்த நூலை இதில் சேர்ப்பதானால் முதலில் அந்த இடுகைகளை வரைவு நிலைக்கு மாற்ற வேண்டும். முகநூலிலும் மின்னிதழிலும் மறுபடி போட்டவற்றையும் நீக்க வேண்டும். என் கருத்து தெளிவு: வலைப்பூவுக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருக்கிறது என்றால் முதல் நூலுக்கு இது வேண்டாம். தேடி வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு நூலை விற்பது கடினம்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கேடிபியில் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் 70 விழுக்காடு ராயல்டி கிடைக்கும், சில நாடுகளின் விற்பனைக்கு செலக்டில் இருந்தால்தான் அது கிடைக்கும். மற்றபடி 35. ஆனால் 70-இல் ஒரு மெகாபைட்டுக்கு 0.15 டாலர் அனுப்பும் செலவு கழியும், 35-இல் கழியாது. 2.99 டாலர் நூல் 1 எம்பி என்றால் கைக்கு வருவது சுமார் 1.99. அதே நூல் படங்களோடு 8 எம்பி ஆனால் 1.25. 10 எம்பி நெருங்கும்போது 70-உம் 35-உம் ஒன்றாகிவிடும், இரண்டிலும் ஏறக்குறைய 1.05தான். படத்தைச் சுருக்காமல் ஏற்றுபவர் ஒவ்வொரு பிரதியிலும் இழப்பது இவ்வளவு.

அமேசானில் முன்னோட்டமாக வாசகருக்குத் தோராயமாக முதல் 10 விழுக்காடு காட்டப்படும். 150 பக்க நூலில் அது 15 பக்கம். அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரை, என்னுரை என்று முன்னால் அடுக்கினால் உங்கள் எழுத்தின் ஒரு வரிகூடத் தெரியாமல் முன்னோட்டம் முடிந்துவிடும். நன்றியைப் பின்னால் சொன்னாலும் நன்றிதான். நூல் விவரக் குறிப்புக்கு 4000 எழுத்து இடம், தேடுசொற்களுக்கு 7 பெட்டிகள், வகைக்கு 3 வாய்ப்பு தருகிறார்கள். அந்தப் பெட்டிகளில் நூலின் தலைப்பையே திரும்பப் போட்டு வீணாக்காதீர்கள், வாசகர் என்ன தட்டித் தேடுவாரோ அதைப் போடுங்கள்.

அச்சு பற்றிச் சுருக்கமாக. அட்டையின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. பக்கத்துக்கு 0.0025 அங்குலத் தாளில் 200 பக்கம் 0.5 அங்குலம், 240 பக்கமானால் 0.6. மெய்ப்பு முடியாமல் அட்டையை முடித்தால் முதுகில் இருக்கும் தலைப்பு முகப்புக்கு வழுக்கி வரும். மின்னூலுக்கும் அச்சுநூலுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் தனித்தனி. ஒரு தளம் இலவசமாகக் கொடுக்கும் எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியுமா என்று முதலிலேயே படித்துப் பாருங்கள், பெரும்பாலும் முடியாது.

வலைப்பூவை நூலுக்குப் பின்னும் வைத்திருங்கள், சொந்த முகவரியில். வலைப்பூக்களைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் மூடியபோதும், புதிய இடுகைகளை வாசகருக்கு அனுப்பிவந்த ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சந்தாவை 2021-இல் நிறுத்தியபோதும் வாசகர் பட்டியலைத் தன் கையில் வைத்திராதவர்களுக்குத் தொடர்பு அறுந்தது. மின்மடல் சந்தாதாரர் பட்டியலை மாதம் ஒருமுறை கோப்பாக இறக்கி வைப்பது ஐந்து நிமிட வேலை. நூலுக்குள் போன இடுகைகள் வலைப்பூவில் அப்படியே இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றின் அடியிலும் விரிவான வடிவம் எந்த நூலில், எந்த அத்தியாயத்தில் என்று ஒரு வரி சேருங்கள்.

நூல் வெளியான பிறகு பிழைகள் தெரியவரும், வாசகர்களும் சொல்வார்கள். அவற்றை நேராக மின்னூலில் திருத்தினால் அச்சுக் கோப்பில் பழைய பிழை தங்கிவிடும், அடுத்த பதிப்பில் எது சரி என்று உங்களுக்கே தெரியாது. மூலக் கோப்பு ஒன்றே ஒன்று இருக்கட்டும். திருத்தம் முதலில் அதில், பிறகு அதிலிருந்து மற்ற இரண்டும். உரிமைப் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டுவிடுங்கள், வாசகர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டும்போது அவர் கையில் இருப்பது எந்தப் பிரதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.